சின்னது போவுது, பெருசு போவல

நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. பேரு தெரியாது, ஊரு தெரியாது, ஆணா பொண்ணான்னுகூடத் தெரியாது. ஆனா என் மச்சான் என் வீட்டுப் படி ஏறாம இருக்கிறதுக்குக் காரணம் நீங்கதான். எங்கேயோ ஏசி ரூம்ல உக்காந்து, உங்க கம்பெனி ரூட்டர் பொட்டியில ஒரே ஒரு வரி எழுதினீங்க. எழுதிட்டு டீ குடிக்கப் போயிருப்பீங்க. இங்கே கடலூர்லயும் சிதம்பரத்துலயும் நாலு மாசம் பேச்சு வாங்கினது நான்.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கும் ஒரு வார்த்தை. வயர் இழுத்து வீட்டுக்கு வீடு நெட் கொடுக்கிற தொழில்ல, லைன் முழுசா செத்துப்போனா நாம பிழைச்சுக்கலாம். ஏணியைத் தூக்கிட்டுப் போய், எங்கே அறுந்திருக்குன்னு பார்த்து, ஒட்டிட்டு வந்துடலாம். பாதி உசுரோட கிடக்கிற லைன்தான் நம்ம உசுரை எடுக்கும். அந்த அவஸ்தையைப் பட்டவங்க கொஞ்சம் பக்கத்துல வாங்க.

ரெண்டு பேர், ஒரு ஏணி

நான் எட்டாவதோட நின்னவன். கேபிள் டிவி காலத்துல அடுத்தவனுக்குக் கம்பம் ஏறி, அப்புறம் சொந்தமா நூறு வீடு பிடிச்சு, டிவி போய் நெட் வந்ததும் கண்ணாடி இழைக்கு மாறினவன். எனக்குத் துணை என் பொண்டாட்டி தேவகியோட தம்பி குணா. கடலூர்லேர்ந்து சிதம்பரம் வரைக்கும் ஒரே வண்டி. நான் ஓட்டுவேன்; அவன் பின்னாடி ஏணியைத் தோள்ல மாட்டிக்கிட்டு உக்காருவான். ஏணிக்கு நடுவுல தலையை விட்டுக்கிட்டு அவன் உக்காந்திருக்கிறதைப் பார்த்துப் புதுச்சத்திரம் டீக்கடையில சிரிக்காத ஆள் கிடையாது. ஒரு புயல் அடிச்ச வருஷம் எல்லா வயரும் தரையில கிடந்தது. ரெண்டு பேரும் இருபது நாள் வீட்டுக்கே போகாம திரும்பக் கட்டினோம். இப்ப நினைச்சா அந்த இருபது நாள்தான் நான் சந்தோஷமா இருந்த நாள்னு தோணுது.

மாடி மேல வயர் போகணும்னா வீட்டுக்காரர் சம்மதம் வேணும். பேரம் என் வேலை. எனக்கு அதுல ஒரு ருசி. முக்கால் மணி நேரம் பேசுவேன், கோவிச்சுக்கிட்டுத் தெரு வரைக்கும் போவேன், திரும்பி வருவேன். ஒருநாள் மஞ்சக்குப்பத்துல ஒரு வீட்டுக்காரரோட அப்படி மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தப்ப, மொட்டை மாடிலேர்ந்து குணா எட்டிப் பார்த்துச் சொன்னான்: "நீங்க மெதுவாப் பேசி முடிங்க மாமா, நான் கட்டி முடிச்சுட்டேன்."

வலைக்கண்ணு

போன கார்த்திகை மாசம் ஒரு திங்கக்கிழமை ஆரம்பிச்சுது. ஆபீஸ்ல போன் எடுக்கிறது நஸ்ரீன். பரங்கிப்பேட்டைப் பொண்ணு, சிக்கனக்காரி. புகார் நோட்டுலகூட ஒரு எழுத்து ஜாஸ்தி எழுத மாட்டாள். அன்னிக்குப் பதினோரு மணிக்குள்ள ஒன்பது புகார். எல்லாத்துக்கும் எதிரே ஒரே வாசகம்: 'சின்னது போவுது, பெருசு போவல.' அதாவது, ஹலோன்னு எழுதினா போகும். போட்டோ அனுப்பினா வட்டம் சுத்திக்கிட்டே நிக்கும். சில பக்கம் திறக்கும், சிலது வெள்ளையா நிக்கும். எங்களுக்கு மேலே லைன் கொடுக்கிற கம்பெனிங்க ரெண்டு. அதுல ஒரு லைன்ல போற வீட்டுக்கு மட்டும்தான் இந்த வியாதிங்கிறது அப்ப எனக்குத் தெரியாது. பாதிப் பேருக்கு நல்லா இருக்கு, பாதிப் பேருக்கு இல்ல. பைத்தியம் பிடிச்சுது.

தேவனாம்பட்டினத்துல கருவாட்டுக் கடை வச்சிருக்கிற ராணியக்கா மகளையே கூட்டிக்கிட்டு ஆபீசுக்கு வந்துட்டாங்க. காலேஜ்ல படிக்கிற பொண்ணு; ஸ்காலர்ஷிப்புக்கு சர்டிபிகேட் ஏத்தக் கடைசி நாள். வீட்டுல காலையிலேர்ந்து சுத்திக்கிட்டே இருந்திருக்கு. நஸ்ரீன் தன் செல்போன் சிக்னலைக் கொடுத்து ஏத்திவிட்டாள். ஒரு நிமிஷத்துல ஏறிடுச்சு. என் ஆபீஸ்ல உக்காந்து, அடுத்தவன் சிக்னல்ல. எனக்கு முகத்தை எங்கே வச்சுக்கிறதுன்னு தெரியல. ராணியக்கா திட்டல. எழுந்து போறப்ப சொன்னாங்க: "சின்ன மீனு பூந்து போவுது, பெரிய மீனு மாட்டிக்குது. உன் வலையில எங்கயோ கண்ணு சின்னதா இருக்கு தம்பி, அதைப் பாரு."

பத்து பேர் முன்னாடி

அந்த அம்மா சொன்னதை நான் கேட்டிருக்கணும். கேக்கல. எனக்குக் கோவம் வந்தா முதல்ல கண்ணுல படறவன்தான் குத்தவாளி. அதுக்கு முந்தின வாரம் குணா ஆலப்பாக்கம் பக்கத்துல இழை ஒட்டியிருந்தான். அது சரியில்ல, அதான் இவ்வளவும்னு முடிவு கட்டிட்டேன். ஆபீஸ் வாசல்ல, டீக்கடைக்காரர், நஸ்ரீன், புகார் சொல்ல வந்தவங்கன்னு ஒரு பத்து பேர் நிக்க, வாய்க்கு வந்ததைப் பேசினேன். கடைசியா ஒண்ணு சொன்னேன். "உனக்கு அக்கா புருஷன்கிட்ட ஒட்டிக்கத்தான் தெரியும், இழையை ஒட்டத் தெரியாது." ரெண்டு பேர் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதுல இருக்கு.

குணா நிதானமாச் சொன்னான். "மாமா, ஜாயிண்ட் கெட்டிருந்தா அது சின்னது பெருசுன்னு பார்க்காது, எல்லாத்தையும் அடிக்கும். பெருசு மட்டும் நிக்குதுன்னா தப்பு வேற எங்கயோ இருக்கு." எதிர்த்துப் பேசாதன்னு கத்தினேன். அவன் இழை ஒட்டுற மெஷினை எடுத்துத் துடைச்சான். பொட்டியில வச்சு மூடினான். வண்டிச் சாவியை மேல வச்சான். போறப்ப என்னைப் பார்க்கல, நஸ்ரீனைப் பார்த்துச் சொன்னான்: "மெஷினை ஈரத்துல வைக்காத நஸ்ரீன். மாமாவுக்கு ஒட்ட வராது."

பஸ்ஸுல வந்த வரிசை

பாண்டிச்சேரியில ஒரு காண்ட்ராக்டர்கிட்ட சேர்ந்துட்டான்னு கேள்விப்பட்டேன். நம்ம பக்கத்துல பொங்கலுக்குத் தம்பிதான் அக்கா வீட்டுக்கு வரிசை கொண்டு வரணும். கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு வருஷம் தவறாம, கரும்பைத் தோள்ல வச்சுக்கிட்டு, ஏணியில தலையை விட்ட மாதிரியே அவன் வந்து நிப்பான். இந்தத் தைக்கு வரல. ஒரு போன்தான் வந்தது. தேவகி கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கிட்டு வந்தாள். பையில பச்சரிசி, வெல்லம், மஞ்சக்கொத்து, ஒரு புடவை. கரும்பு பஸ்ஸுல ஏறாதுன்னு ரெண்டா வெட்டிக் கட்டியிருந்தான்.

பாண்டிக்கும் கடலூருக்கும் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ். பையைக் கொடுத்த கண்டக்டர் தேவகிகிட்ட சொன்னாராம்: "உங்க தம்பிக்கு வண்டி கிடைக்கலயாம்மா, சொல்லச் சொன்னாரு."

நாலு விதமா கேட்டேன்

இதுக்கு நடுவுல ஆலப்பாக்கத்துல அந்த ஜாயிண்ட்டை வேற ஆளை வச்சு மாத்திட்டேன். வியாதி அப்படியே இருந்தது. அப்பவே எனக்கு உள்ளுக்குள்ள குத்த ஆரம்பிச்சிடுச்சு. சரி, மேல் லைன் கொடுக்கிறவங்களைக் கேப்போம்னு போன் பண்ணினேன். ஒண்ணை அழுத்து, ரெண்டை அழுத்துன்னு சொல்லி, பாட்டுப் போட்டு, கடைசியில ஒரு தம்பி வந்தார். பிங் அடிச்சுப் பாருங்கன்னார். பிங்னா உங்களுக்குத் தெரியும், 'இருக்கியா'ன்னு ஒரு சின்னப் பொட்டலம் அனுப்பி, 'இருக்கேன்'னு பதில் வருதான்னு பார்க்கிறது. வந்தது.

சின்னப் பொட்டலம் வருது தம்பி, பெரிய பொட்டலம்தான் போகலன்னு நாலு விதமாச் சொன்னேன். நான் வாழ்க்கையில எத்தனையோ பேர்கிட்ட பேரம் பேசி ஜெயிச்சவன். ஆனா எதிர்ல ஒரு முகம் வேணும். முகம் சுளிக்குதா, மசியுதான்னு பார்த்தாதான் அடுத்த வார்த்தை வரும். அந்தத் தம்பிகிட்ட கோவமும் செல்லல, கெஞ்சலும் செல்லல. புகாரை முடிச்சு வச்சுட்டு அன்பாக் கேட்டார்: "பிங் வருதே சார், அப்புறம் என்ன பிரச்சினை?"

ஏலம்

அண்ணாமலை நகர்ல ஒரு லாட்ஜ். அங்கே தங்கி ஆராய்ச்சி படிக்கிற மலர்விழின்னு ஒரு பொண்ணு. எனக்கு வாரத்துக்கு மூணு தடவை போன் போட்டுச் சண்டை போடும். ஒருநாள், "நேர்ல வாங்கண்ணா, நானே காட்டறேன்" அப்படின்னுது. லேப்டாப்ல கறுப்புத் திரையைத் திறந்து, அதே பிங், ஆனா சைஸ் போட்டு அனுப்புச்சு. 'பாதியில உடைக்காதே'ன்னும் சேர்த்து. வழக்கமான முழு அளவு, ஆயிரத்து ஐந்நூறு பைட்? பதில் இல்ல. ஆயிரத்து நானூறு? வந்தது. ஆயிரத்து நானூத்தி ஐம்பது? வந்தது. எண்பது? இல்ல. எனக்கு ஏலத்துல உக்காந்த மாதிரி ஆயிடுச்சு. நாற்காலி நுனிக்கு வந்துட்டேன். எழுபதுன்னேன், வந்தது. எழுபத்தெட்டுன்னேன், இல்ல. கடைசியில ஆயிரத்து நானூத்தி எழுபத்தாறுல படிஞ்சுது. அதுக்கு மேல ஒண்ணு வச்சாலும் அந்தப் பக்கம் மௌனம்.

வழியில எங்கேயோ பாதை கொஞ்சம் குறுகலா இருக்கு. அது குத்தமில்ல. குறுகலா இருந்தா அங்கே நிக்கிற பொட்டி 'உன் பொட்டலம் பெருசு, இவ்வளவுதான் நுழையும், சின்னதாக்கி அனுப்பு'ன்னு ஒரு சேதி திருப்பி அனுப்பணும். அனுப்பிட்டா நம்ம மெஷினே அளவைக் குறைச்சுக்கும், யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. அந்தச் சேதிதான் வரவே இல்ல. மலர்விழி லேப்டாப்பை மூடிட்டுச் சொல்லுச்சு: "வயர்ல ஒண்ணும் இல்லண்ணா. போறதை யாரும் தடுக்கல, பதில் சொல்றதைத்தான் யாரோ தடுத்து வச்சிருக்காங்க."

வயர்ல ஒண்ணும் இல்ல.

சுளை

பண்ருட்டியில பலாப்பழ மண்டி வச்சிருக்கிற வேலாயுதம் நம்ம கஸ்டமர். பங்குனியில பழம் வர ஆரம்பிச்சதும், லோடை போட்டோ எடுத்து வெளியூர் வியாபாரிக்கு அனுப்பணும். போட்டோ போகல. மண்டிக்கு நடுவுல நிக்க வச்சுக் கேள்வி கேட்டார். ஆள் என்னைவிடப் பெரிய பேரக்காரர், சாக்குப்போக்கு எடுபடாது. அதனால விளக்கமாவே சொன்னேன். "லாரியில பழம் ஏத்தி அனுப்பறீங்க. ரயில்வே சப்வேயில உயரம் பத்தல. அங்கே நிக்கிற ஆள் உங்களுக்குப் போன் பண்ணி, லோடு ஒசரம், குறைங்கன்னு சொல்லணும். ஆனா அவன் வாயை எவனோ கட்டிப்போட்டுட்டான். லாரி அங்கேயே நிக்குது. நீங்க இங்கேர்ந்து அடுத்த லாரி அனுப்பறீங்க. அதுவும் போய் நிக்குது."

அவர் ஒரு பழத்தைத் தட்டிப் பார்த்துக்கிட்டே கேட்டார். கேட்டு முடிச்சுட்டு, ரொம்பச் சாதாரணமாச் சொன்னார்: "முழுப் பழம் போவலன்னா இங்கயே சுளையா உரிச்சு அனுப்ப வேண்டியதுதான? இதுக்கா நாலு மாசம்?"

அவர் சொன்னது எனக்கு உறைச்சுது. ரெண்டு மெஷின் பேச ஆரம்பிக்கிறப்பவே, எந்த அளவுல துண்டு போடறதுன்னு தங்களுக்குள்ள ஒரு பேரம் பேசிக்கும். நடுவுல இருக்கிற நம்ம பொட்டி அந்தப் பேரத்துல பூந்து, அளவைக் குறைச்சுச் சொல்லலாம். மண்டித் தராசு பக்கத்துல நின்னுக்கிட்டே, செல்போன்லேர்ந்து எங்க ஆபீஸ் பொட்டிக்குள்ள போய் ஆயிரத்து நானூத்தி முப்பத்தாறுன்னு போட்டேன். ஒவ்வொரு துண்டும் விலாசத்துக்குன்னு சுமக்கிற தலைச்சுமை நாற்பது போக மிச்சம் அதுதான். வேலாயுதம் போட்டோ போய்ச் சேர்ந்தது.

கேட்டதுக்குக் கிடைச்ச பதில்

ஆனா இது ஒட்டுப்போட்ட வைத்தியம். வீட்டுலேர்ந்தே வெளியூர் ஆபீஸ் வேலை பார்க்கிறவங்களோட லைன் அந்தப் பேரத்துக்கு வராது. அதெல்லாம் வேற வழியாப் போகுது. அவுங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போய்க் கையால குறைக்கணும். அதனால மேல் லைன் கம்பெனிக்குத் திரும்பப் போன் பண்ணினேன். இந்தத் தடவை ஆயிரத்து நானூத்தி எழுபத்தாறுன்னு நம்பரோட பேசினதுல ஒரு மேலதிகாரிகிட்ட மாத்திவிட்டாங்க. நல்ல மனுஷன், தேடிப் பார்த்தார். ஆமாம், பதில் சேதியை மொத்தமாத் தடுக்கிற வரி ஒண்ணு இருக்குன்னு ஒத்துக்கிட்டார். எடுங்கன்னேன். அவர் சொன்னார்: "பாதுகாப்புக்காகப் போட்டது சார். யார் போட்டாங்கன்னு தெரியல, அதனால எடுக்கவும் முடியாது."

அந்த யாரோதான் நீங்க.

பெருசு போயிடுச்சு

அண்ணாமலை நகர்ல தொண்ணூறை நெருங்குற ஒரு பெரியவர் இருக்கார். எங்க நோட்டுல அந்த வீட்டுக்குப் பேரே 'பெருசு வீடு'. பேரனுக்குக் கையால கடிதம் எழுதி, அதைப் போட்டோ எடுத்து அனுப்புறது அவர் பழக்கம். நாலு மாசமா ஒரு கடிதமும் போகல. குணா மேல அவருக்கு உசுரு. அவன் லைன் இழுத்த முதல் நாள்லேர்ந்து 'டேய் வயரு'ன்னுதான் கூப்பிடுவார். பண்ருட்டியில சரி பண்ணின மறுநாள் காலையில, நேர்ல பார்த்துடலாம்னு அங்கே போனேன். அவர் கடிதம், பெரிய போட்டோ, ஒரே மூச்சுல போச்சு. மாடியிலேர்ந்து நஸ்ரீனுக்குப் போன் பண்ணினேன்.

"நஸ்ரீன், பெருசு போயிடுச்சு."

"அண்ணே... எப்பண்ணே?"

"இப்பதான், ஒரு நிமிஷம் ஆச்சு. கஷ்டமே இல்லாம போச்சு."

"எங்கண்ணே?"

"நம்ம பெருசு வீட்டுலதான். எல்லாருக்கும் சொல்லிடு."

எல்லாருக்கும் சொன்னாள். ஆபீஸ் குரூப்ல போட்டாள். நான் கீழே டீ குடிச்சுக்கிட்டு இருக்கிறப்ப, சிதம்பரத்துல வயர் தொழில் பண்ற ரெண்டு பேர் ரோஜா மாலையோட முகத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்து நின்னாங்க. கேட்டைத் திறந்ததே பெரியவர்தான். ஒருத்தன் கையிலேர்ந்த மாலை நழுவிடுச்சு. விஷயம் புரிஞ்சதும் பெரியவர் மாலையை எடுத்து, முகர்ந்து பார்த்து, என்கிட்ட கேட்டார்: "நல்ல மாலைப்பா. பிரிட்ஜ்ல வச்சா எத்தினி நாள் தாங்கும்?"

கேட்டுக்குப் பின்னாடி

அந்த குரூப்பை விட்டு குணா வெளியே போகவே இல்லங்கிறது எனக்கு அப்பதான் தெரிஞ்சுது. பெரியவர் எங்களை விடாம பேசிக்கிட்டு இருந்த ஒண்ணரை மணி நேரத்துல, பாண்டியிலேர்ந்து வண்டியை ஒரே முறுக்கா முறுக்கிக்கிட்டு வந்திருக்கான். கண்ணெல்லாம் சிவந்து, கையில மாலை. பெரியவர் "டேய் வயரு, நீயுமாடா"ன்னு சிரிக்க, அவன் அப்படியே கேட்டுத் தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டான்.

நான் எழுந்து போனேன். கேட்டுக்குப் பின்னாடி, செடிகொடி மறைப்புல அவனைத் தள்ளிட்டுப் போய், மெதுவாச் சொன்னேன். "மச்சான், உன் ஜாயிண்ட்டுல ஒண்ணும் இல்லடா. மேல ஒருத்தன் பதிலைத் தடுத்து வச்சிருக்கான்."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும் மாமா. உங்களுக்கு யார் சொன்னாங்க?"

லாட்ஜ்ல ஒரு பொண்ணு காட்டுச்சுன்னேன். வீட்டுக்கு வாடா, அக்கா சமைச்சு வச்சிருப்பான்னேன். இல்ல, வேலை கிடக்குன்னான். பழைய சம்பளத்துக்கு மேல தரேன்னேன். அவன் முகம் மாறினப்பதான் நான் பேரம் பேசறேன்னு எனக்கே தெரிஞ்சுது. மாலையை என் கையில கொடுத்துட்டு, வண்டியை உதைச்சுட்டுச் சொன்னான்: "பத்து பேர் முன்னாடி திட்டினீங்க மாமா. இப்ப கேட்டுக்குப் பின்னாடி நின்னு காதுல சொல்றீங்க."

வீட்டுக்கு வந்து தேவகிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். உங்களைத்தான் அதிகமாத் திட்டினேன். பதிலைத் தடுக்கிறவன் மனுஷனான்னு கேட்டேன். அவள் கீரையை ஆய்ஞ்சுக்கிட்டே, தலையைத் தூக்காம கேட்டாள்: "அந்தப் பொட்டி பதிலைத் தடுத்துச்சு, சரி. அன்னிக்கு என் தம்பி சொன்ன பதிலைத் தடுத்தது யாரு?"

அதுக்குத்தான் இதை எழுதறேன். பத்து பேர் என்ன, படிக்கிற அத்தனை பேர் முன்னாடியும் சொல்றேன். குணா ஒட்டின ஜாயிண்ட்டுல ஒரு குறையும் இல்ல. தப்பு என் வாயில. அவன் அன்னிக்குச் சொன்னது அப்படியே சரி.

என் பக்கத்துத் தடையை நான் எடுத்துட்டேன். இனி நீங்க யாரா இருந்தாலும் சரி, அந்த ஒரு வரியை எடுத்துட்டு, குணாவுக்குப் போன் பண்ணி 'தப்பு எங்க பொட்டியிலதான் தம்பி'ன்னு உங்க வாயால சொல்லுங்க, அடுத்த பொங்கலுக்குக் கரும்பு வெட்டாம முழுசா என் வீட்டுக்கு வந்து சேரணும், இதுதான் என் கடைசி விலை, இதுல ஒரு பைசா குறைக்க மாட்டேன்.